எண்பது ஹெர்ட்ஸ்

கணபதியில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில்
எனக்குப் பதினோரு வருசம்.
இருபத்திநாலு கேஜ் தாமிரக் கம்பியை
தொட்டதும் விரலே சொல்லிவிடும்.
ருக்சானா எடுத்த ஊசி
அதைவிட ரொம்பப் பொடிசு.
நாற்பத்திரண்டு இருக்கும் என்றேன்.
"கேஜெல்லாம் தெரியாதுங்க்கா,
முடி வந்த வழியிலயே இது உள்ளே போகும்."

தாடையில் எத்தனை என்று நான் எண்ணியதில்லை.
பிடுங்கினால் வரும். நூல் போட்டால் வரும்.
மஞ்சள் பூசினால் மஞ்சளோடு வரும்.
காங்கயத்து மாப்பிள்ளை வீட்டில் ஒரு அம்மா
"தமயந்தி, பேரு நல்லாருக்குது கண்ணு" என்று
கன்னத்தைத் தடவிக் கொஞ்சினாள்.
கை தாடைக்கு வந்ததும் நின்றுவிட்டது.
போய்ச் சொல்லி அனுப்புறோமுங்க என்றார்கள்.
கை நின்ற அந்த இடத்தை
இருட்டிலும் என்னால் தொட்டுக்காட்ட முடியும்.

முதல் தடவை, வேர் சுடும்போது
வலி பல்லுக்குள் போய்ப் பேசியது.
அழவில்லை, தண்ணீர் தானாக ஊற்றியது.
நாலாவது முடியில் எழுந்து வந்துவிட்டேன்.

மறுவாரம் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தாள்.
சரவணம்பட்டியில் பிசியோதெரபி பார்க்கும் அண்ணனுடையது.
நாலு ஒயர், நாலு பசைத்துண்டு, ஒன்பது வோல்ட் பேட்டரி.
முழங்கால் போன தறிக்காரர்களுக்கு ஒட்டுவதாம்.
தாடை ஓரமாக இரண்டை ஒட்டினாள்.
தொண்டைப் பக்கம் கூடவே கூடாதென்று
அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டேன்.
பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.
"எம்பதுன்னு போட்டிருக்குதுங்க்கா."
ஊருக்கு வருவது ஐம்பது.
இது அவசரக்காரக் கரண்ட்.
குமிழைத் திருப்பத் திருப்ப
ஒரு எறும்பு, பிறகு ஒரு புற்று,
பிறகு புற்றின் மேல் மழை.

எப்போது குத்துவாய் என்றேன்.
"மூணு முடி ஆச்சுங்க்கா."

எப்படி என்றதற்கு அவள் சொன்னது:
"காந்திபுரம் பஸ்ஸுல
படியிலயே ஆள் நிறைஞ்சு நின்னா
அடுத்த ஸ்டாப்புல வலி வந்து கையக் காட்டும்,
எங்க ஏறும்?"
பாதி நிஜம்.
ஒன்றிரண்டு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டே வந்தது.
மேலுதட்டில் எல்லாமே
டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்தது.

ஒரே பாடிக்கு இரண்டு சப்ளை கொடுத்தால்
எங்கள் ஓனர் வைவார்.

இருபத்தியாறாவது முடியில்
மூலை டிரான்ஸ்பார்மர் டமாரென்றது.
ஃபேன் நின்றது. ஊசி வெறும் கம்பியானது.
என் தாடையில் மட்டும் பேட்டரி
ஏறாத வலிக்குப் படியை மறித்துக்கொண்டு நின்றது.

இருட்டில் ருக்சானா கையை உதறினாள்.
நாளெல்லாம் சாமணம் பிடிக்கிற கை.
தோளிலிருந்து கட்டைவிரல் வரை
ஒரு கம்பி இழுக்கிறதாம், ஒன்றரை வருசமாக.
அண்ணனிடமும் சொன்னதில்லை.
"சொன்னா கடையச் சாத்தச் சொல்லுவானுங்க்கா."

பெட்டியில் இன்னொரு லைன் சும்மா கிடந்தது.
மிச்ச இரண்டு துண்டை
அவள் தோள்பட்டையில் தடவிப் பார்த்து ஒட்டினேன்.
குமிழ் என் விரலில்.
போதுமா?
"இன்னும் சித்தெ."
போதுமா?
பதில் வரவில்லை.
மழைக்குள் எங்கோ கிரைண்டர் கம்பெனி ஜெனரேட்டர்
முக்கி முக்கிப் பிடித்தது.
நாங்கள் இரண்டு பேரும்
ஒரு ஒன்பது வோல்ட்டில் உட்கார்ந்திருந்தோம்.

கரண்ட் வந்தபோது
முதலில் எரிந்தது கண்ணாடி மேலிருந்த லைட்.
தாடையில் பாதி செக்கச்செவேல்,
பாதி பழையபடி.
"மீதி வர்ற வாரம் பாத்துக்கலாமுங்களா?
கை இப்பத்தான் தூங்குது."

மாஸ்க் போட்டுக்கொண்டேன்,
கொஞ்சம் எரிச்சலுக்கு, கொஞ்சம் வெட்கத்துக்கு.
ஏழே காலுக்கு வந்த டவுன் பஸ்ஸில்
படியில்தான் இடம் கிடைத்தது.